கிகாஹெர்ட்ஸ் பெரிதா, வேலை பெரிதா?

வீட்டுக்குக் கணிப்பொறி வாங்கக் கடைக்குப் போனால், "எத்தனை கிகாஹெர்ட்ஸ்?" என்பதே நம்மில் பலர் கேட்கும் முதல் கேள்வி. எண் பெரிதானால் வேகமும் பெரிது என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றி விட்டது. அது தவறு என்பது நம் கருத்து. பெற்றோரின் பல மாதச் சேமிப்பு இதில் அடங்கியிருப்பதால், சற்று விரிவாகவே பார்ப்போம்.

கணிப்பொறியின் மூளை எனப்படும் ப்ராசஸரைச் செய்வதில் இன்டெல், ஏ.எம்.டி. என்னும் இரண்டு அமெரிக்கக் கம்பெனிகள் நெடுநாளையப் போட்டியாளர்கள். 2000-ஆம் ஆண்டு மார்ச் 6-ஆம் தேதி ஏ.எம்.டி.யின் அத்லான் ஒரு கிகாஹெர்ட்ஸை எட்டியது. இரண்டே நாளில் இன்டெலின் பென்டியம் 3-ம் அங்கு வந்து சேர்ந்தது. ஒரு கிகாஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு நூறு கோடித் துடிப்புகள். அதே ஆண்டு நவம்பரில் வெளிவந்த பென்டியம் 4-ன் துடிப்பு 1.4, 1.5 என்று ஏறியது. ஆனால் ஓட்டிப் பார்த்தவர்கள் திகைத்தார்கள். அன்றாட அலுவலக வேலைகள் பலவற்றில் 1.2 கிகாஹெர்ட்ஸ் அத்லான், 1.5 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4-ஐ முந்தியது. சிலவற்றில் இன்டெலின் பழைய பென்டியம் 3 கூட முந்தியது!

இது எப்படி? திருவிழா நாளில் சோற்றுப் பொட்டலம் கட்ட நாம் வரிசையாக உட்காருவதை நினைத்துக் கொள்வோம். ஒருத்தி இலை விரிப்பாள், அடுத்தவள் சோறு வைப்பாள், அதற்கடுத்தவள் ஊறுகாய் வைப்பாள், கடைசியில் இருப்பவள் நூல் சுற்றுவாள். சிஸ்டர் கை தட்டும்போதெல்லாம் பொட்டலம் ஒரு கை மாறும். பத்துப் பேர் செய்யும் வேலையை இருபது பேருக்குப் பங்கிட்டால் ஒவ்வொருத்தியின் பங்கும் குறையும். சிஸ்டரும் வேகமாகத் தட்டலாம். அந்தக் கைதட்டலின் வேகம்தான் கிகாஹெர்ட்ஸ். அத்லானின் வரிசையில் 10 படிகள். பென்டியம் 4-ல் 20.

பாதி வேலையில் அடுக்களையிலிருந்து ஆள் வந்து, "இவை முதியோர் இல்லத்துக்கு, ஊறுகாய் கூடாது" என்றால் என்ன ஆகும்? வரிசையில் இருக்கும் பொட்டலங்களை எல்லாம் ஒதுக்கிவிட்டு மறுபடி இலையிலிருந்து தொடங்க வேண்டும். வரிசை நீளமானால் நஷ்டமும் அதிகம். ப்ராசஸரின் கதியும் இதுவே. "இப்படியானால் இதைச் செய், இல்லையேல் அதைச் செய்" என்னும் கட்டளை வந்தால், விடை தெரியும்வரை காத்திராமல் ஒன்றை ஊகித்து வேலையைத் தொடங்கிவிடும். ஊகம் தவறினால் வரிசையைக் காலி செய்ய வேண்டியதுதான். அலுவலக வேலைகளில் இத்தகைய கட்டளைகள் மலிந்து கிடக்கின்றன. அத்துடன், உடனே கைக்கெட்டும்படி தரவுகளை வைத்துக்கொள்ளும் சிறு நினைவகம் அத்லானில் 64 கிலோபைட். பென்டியம் 4-லோ வெறும் 8.

திருப்பங்கள் இன்றி ஒரே சீராக நீளும் வேலைகளில், உதாரணமாக வீடியோவைச் சுருக்குவதில், பென்டியம் 4 நன்றாகவே ஓடியது. அதையும் சொல்வதே நியாயம்.

2001 அக்டோபரில் ஏ.எம்.டி. ஒரு யுக்தி செய்தது. 1.53 கிகாஹெர்ட்ஸில் ஓடும் அத்லான் எக்ஸ்பி ஒன்றுக்கு 1800+ என்று பெயர் வைத்தது. தன் பழைய அத்லானோடு ஒப்பிட்ட எண் என்று விளக்கம் கூறினாலும், 1.8 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4-க்கு ஈடு என்றே மக்கள் படித்துக் கொண்டார்கள். அந்தப் பெயருக்கு அது தகுதியானதே. ஆயினும் இந்த வழியை நாம் மெச்சவில்லை. எண்ணை நம்பாதீர்கள் என்று சொல்ல வேண்டியவர்கள் இன்னோர் எண்ணை அல்லவா அச்சடித்தார்கள்!

2004 பிப்ரவரியில் வந்த புதிய பென்டியம் 4-ல் படிகள் 31 ஆயின. சூடும் மின்செலவும் ஏறின. 4 கிகாஹெர்ட்ஸ் ப்ராசஸர் வருமென்று அறிவித்திருந்த இன்டெல், அவ்வாண்டு அக்டோபரில் அதைக் கைவிட்டு 3.8-உடன் நின்றுகொண்டது. 2006 ஜூலையில் அதே இன்டெல் கொண்டுவந்த கோர் 2 டுவோவில் படிகள் 14 மட்டுமே. அதன் 2.4 கிகாஹெர்ட்ஸ் ப்ராசஸர், 3.8 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4-ஐ வெகு எளிதில் வென்றது. பெரிய எண்ணையே முழங்கி விற்றவர்கள் சிறிய எண்ணுக்கு விளக்கம் சொல்லி விற்க நேர்ந்தது.

இதெல்லாம் அண்ணன் தம்பிகள் பார்த்துக்கொள்ளும் விஷயம் என்று ஒதுங்கும் தோழியர் நம்மிடையே உண்டு. அமெரிக்காவில் கணிப்பொறி விஞ்ஞானத்தில் முதன்முதல் டாக்டர் பட்டம் பெற்ற இருவருள் ஒருவர், 1965-ல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் அப்பட்டம் பெற்ற சிஸ்டர் மேரி கென்னத் கெல்லர் என்னும் கன்னியாஸ்திரியார். ஆகவே அப்பாவோடு கடைக்கு நாமும் போவோம். கேள்வியை நாமே கேட்போம்.

இன்று கடைக்காரர் கிகாஹெர்ட்ஸோடு எட்டு கோர், பன்னிரண்டு கோர் என்றும் அடுக்குகிறார். ஒரே கோரைப் பயன்படுத்தும்படி எழுதப்பட்ட ப்ரோக்ராமுக்கு மற்ற கோர்களால் பெரும் பயனில்லை. நம் வீட்டில் நடக்கப் போகும் வேலை எதுவோ, அதை இரண்டு கணிப்பொறிகளிலும் ஓட்டிக் காட்டச் சொல்லி, கைக்கடிகாரத்தைப் பார்த்துக் கொள்வோம். விலை குறைந்ததே போதுமென்று தெரிந்தால், மிச்சப் பணத்துக்கு நினைவகம் எவ்வளவு கூடுதலாகக் கிடைக்கும் என்றும் கேட்டுவிடுவோம்.