கவரிங் கம்பி

நகைக் கடையில் உரைத்துப் பார்க்காமல் ஒரு குன்றிமணித் தங்கம் வாங்க மாட்டோம். ஆனால், சுவருக்குள் 20 வருஷம் கிடக்கப் போகிற இன்டர்நெட் கம்பியை மட்டும், "நீங்களே பார்த்து வாங்கிப் போட்டுவிடுங்கள்" என்று எலெக்ட்ரீஷியனிடம் ஒப்படைத்துவிடுகிறோம்!

திருவள்ளூர், காக்களூர் பக்கமும், சிப்காட் தொழிற்சாலைகளை ஒட்டிக் கும்மிடிப்பூண்டியிலும் புது வீடுகள் எழும்பிக்கொண்டே இருக்கின்றன. கீழ்க் கூடத்தில் வைக்கும் 'வைஃபை' பெட்டி பல வீடுகளில் மாடி அறைக்கு எட்டுவதில்லை. நடுவே காங்கிரீட் தளம் மறிக்கிறதே! பிள்ளை மாடியில் பரீட்சைக்குப் பாடம் கேட்க வேண்டும். ராத்திரி ஷிப்டுக்குப் போன வீட்டுக்காரர் அங்கிருந்தே வாசல் காமிராவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆகவே, கம்பி இழுப்பது புத்திசாலித்தனம்தான்.

கடையில் 5இ, 6, 7, 8 என்று நம்பர் சொல்லி மிரட்டுவார்கள். 'காட் 5இ' கம்பியே 100 மீட்டர் தூரத்துக்கு விநாடிக்கு 1 கிகாபிட் வேகம் தரும். நமக்கு அது தாராளம். புதுச் சுவரில் புதைப்பதானால் 'காட் 6' போடலாம். 55 மீட்டர் வரை அதைப் போல் 10 மடங்கு தாங்கும். அதற்கு மேற்பட்ட நம்பருக்குக் கொடுக்கிற பணத்தில் சமையலறைக்கு ஓர் அலமாரி செய்துகொள்ளுங்கள்!

நம்பரைவிட முக்கியம் உலோகம். மலிவாகக் கிடைக்கும் கம்பிகளில் சில, அலுமினியத்துக்குத் தாமிர முலாம் பூசியவை. கடைக்காரர்கள் 'ஸி.ஸி.ஏ.' என்பார்கள். கவரிங் வளையல்தான், வேறென்ன! அலுமினியம் மின்சாரத்தைக் கடத்தும் திறன் தாமிரத்தினுடையதில் சுமார் 60 சதவிகிதமே. வளைத்தால் சீக்கிரம் முறியும். காமிராவுக்கு இதே கம்பி வழியாக மின்சாரமும் போனால் தாமிரத்தைவிட அதிகமாகச் சூடேறும். பரீட்சை சமயத்தில் மாடியில் பாடம் நின்றுபோனால் யாரை நோவது?

சோதிப்பது சுலபம். ஒரு துண்டு கேட்டு வாங்கி, உள்ளே உள்ள எட்டு இழைகளில் ஒன்றைப் பிளேடால் சுரண்டுங்கள். வெள்ளையாகத் தெரிந்தால் வேண்டாம். 305 மீட்டர் பெட்டியாக வாங்குகிறவர்கள் தூக்கியும் பார்க்கலாம். ஒரே அளவுத் துண்டில் அலுமினியத்தின் எடை தாமிரத்தில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. பில்லில் 'முழுத் தாமிரம்' என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதற்குக் கூச்சமே வேண்டாம்.

மின்சார ஒயர் போகும் குழாயிலேயே இதையும் நுழைக்க விடாதீர்கள். தனிக் குழாய் வேண்டும். மொட்டை மாடியில் போகிற பகுதிக்கு வெயில் தாங்கும் கறுப்பு உறைக் கம்பி கேளுங்கள். குழாய்க்குள் ஒரு நைலான் கயிற்றையும் விட்டுவைக்கச் சொல்லுங்கள். பின்னால் இன்னொரு கம்பி வேண்டுமென்றால், அதில் கட்டி இழுத்துக்கொள்ளலாம். சுவரை உடைக்க வேண்டாம்.