பழைய டியூப் ஆம்ப் வாங்கப் போறீங்களா? முதல்ல மெக்கானிக்கைத் தேடுங்க!

பகல் முழுக்க தரமணி ஐ.டி பார்க்கில் கோடிங், ராத்திரியானா கிடார்னு வாழுற ஆளா நீங்க? அப்போ 'பழைய டியூப் ஆம்ப் விற்பனைக்கு'ங்கிற போஸ்ட் உங்க கண்ணிலும் பட்டிருக்கும். உள்ளே கண்ணாடிக் குழாயில் ஆரஞ்சு வெளிச்சம், வால்யூமைக் கூட்டினால் லேசா உறுமும் சத்தம். தாத்தா காலத்து ரேடியோவில் இருந்த வால்வுதான் அது.

போன் ஆப்பிலேயே கிட்டத்தட்ட அதே சத்தம் கிடைக்கும்போது, 50 வருஷப் பெட்டிக்கு ஏன் இவ்வளவு மவுசு? சத்தம் பாதிக் காரணம். மீதி, அதை ரிப்பேர் பண்ண முடியும் என்பது. மூடியைத் திறந்தால் ஒவ்வொரு பாகமும் கண்ணுக்குத் தெரியும். எது போச்சோ அதை மட்டும் மாற்றலாம். நம்ம போனுக்கு அந்த வசதி இல்லாததால்தான், 'ரிப்பேர் செய்யும் உரிமை'க்காக மத்திய அரசு 2022 டிசம்பரில் தனி இணையதளமே தொடங்கியது.

ஆனா பாகமும் கிடைக்கணும், மாட்டத் தெரிந்த ஆளும் வேணும். சிக்கல் அங்கேதான்.

இன்று கிடார் ஆம்ப் வால்வுகள் பெரும்பாலும் ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா ஆகிய மூன்று நாடுகளிலிருந்தே வருகின்றன. உக்ரைன் போர் தொடங்கியதும், 2022 மார்ச்சில் ரஷ்யா ஏற்றுமதித் தடை போட்டது. சரடோவ் நகர ஆலையிலிருந்து வால்வு வராது என்று தெரிந்ததும் உலகமெங்கும் ஸ்டாக் காலி, விலை எகிறல். பிறகு சப்ளை திரும்பியது. ஆனா எங்கேயோ நடக்கும் போர் உங்க ஆம்பை ஊமையாக்கலாம் என்பது புரிந்துவிட்டது. இத்தனைக்கும் பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் 1961-லேயே ரேடியோ வால்வு தயாரிக்கத் தொடங்கியது. டிரான்சிஸ்டர் வந்தது, அந்தத் தயாரிப்பு நின்றது. இப்போ மிச்சம் இருப்பது பழைய ஸ்டாக் மட்டும்.

அதனால் வாங்கும் முன் இதெல்லாம் பாருங்க:

* அமெரிக்க ஆம்ப் 120 வோல்ட்டில் ஓடும். நம்ம 230-ல் நேரா சொருகினால் டிரான்ஸ்ஃபார்மர் போயிடும். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் அவசியம்.
* பெரிய கெப்பாசிட்டர்கள் வயசானால் காய்ந்துபோகும். அவற்றை மாற்றும் செலவையும் விலையோடு கூட்டிக்கோங்க.
* ரெண்டு பின் பிளக் இருந்தா, எர்த் உள்ள மூணு பின்னுக்கு மாற்றச் சொல்லுங்க.
* ஸ்பீக்கர் இணைக்காமல் ஆன் பண்ணவே கூடாது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கருகலாம்.

முக்கியமா, யூடியூப் பார்த்து நீங்களே திறக்காதீங்க. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 400 வோல்ட் வரை தங்கியிருக்கும். உயிரைப் பறிக்க அது போதும்.

தரமணியில் பறக்கும் ரயில் ஏறி சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கினால் ரிச்சி ஸ்ட்ரீட் நடக்கிற தூரம்தான். கெப்பாசிட்டர், ரெசிஸ்டர் அங்கே வாங்கிடலாம். வால்வு தெரிந்த கைதான் அபூர்வம். கல்யாண மைக்செட்டும் ரேடியோவும் வால்வில் ஓடிய காலத்தில் தொழில் கற்றவர்கள் இப்போ முதியவர்கள். அப்படி ஒருத்தர் கிடைத்தால் ஆம்பைக் கொடுத்துட்டு வந்துடாதீங்க. பக்கத்தில் உட்கார்ந்து கத்துக்கோங்க. வால்வை எப்படியாவது வரவழைச்சுடலாம். அந்தக் கைப்பக்குவத்தை ஆர்டர் போட்டு வாங்க முடியாது.