ஜாயின்ட் தெரியாத போர்டா? படகுப் பட்டறைக்குப் போங்க!

பழவேற்காடு பக்கம் பெரிசா ஒரு போர்டு வைக்கணும் என்றால் உடனே எல்லோர் வாயிலும் வருவது ஃப்ளெக்ஸ்தான். விலை குறைவு என்பது ஒரு காரணம். இன்னொன்று, "ஜாயின்ட் தெரியாது பாருங்க" என்பது. நியாயம்தான். பிளைவுட், தகரம், அலுமினிய ஷீட் எல்லாமே பெரும்பாலும் 8க்கு 4 அடியில்தான் கிடைக்கும். 20க்கு 10 அடி போர்டுக்குக் குறைந்தது ஏழு ஷீட் ஒட்டுப் போட வேண்டும். ஃப்ளெக்ஸ் 10 அடி அகல ரோலிலேயே வருகிறது. ஒரே துணி, வேலை முடிஞ்சுது.

ஆனால் ஏரியும் கடலும் சேரும் முகத்துவாரத்தில் அது எத்தனை நாள் தாங்கும்? மணிக்கு 100 கிலோமீட்டர் காற்றில் அந்த 20க்கு 10 போர்டின் மேல் விழும் அழுத்தம் சுமார் ஒரு டன். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையை அடித்தபோது காற்று இந்த வேகத்தைத் தாண்டியது. அவ்வளவு கூட வேண்டாம், சாதாரண உப்புக் காற்றும் வெயிலும் போதும். வளையம் மாட்டிய ஓட்டை முதலில் கிழியும், அப்புறம் எழுத்து வெளுக்கும். மிச்சம் கம்பியில் படபடக்கும் கந்தல்தான். 2019 செப்டம்பர் 12 அன்று பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து ஒரு இளம்பெண் உயிரிழந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம்.

சரி, அலுமினிய ஷீட்டுகளைச் சேர்த்து நடுவில் புட்டி வைத்துத் தேய்த்து பெயின்ட் அடித்தால்? அன்றைக்கு ஜாயின்ட் தெரியாது. ஆனால் 8 அடி அலுமினியம் 30 டிகிரி சூடு ஏறினால் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் நீளும், ராத்திரி சுருங்கும். புட்டி அந்த ஆட்டத்துக்கு வராது, சில மாதத்தில் கோடு விழும். பிளைவுட் என்றால் ஈரம் குடித்து ஓரம் உப்பிக்கொள்ளும்.

இவ்வளவு பெரிய பரப்பை ஒட்டுத் தெரியாமல் செய்யத் தெரிந்தவர்கள் குப்பத்திலேயே இருக்கிறார்கள் என்பதுதான் என் கட்சி. 2004 சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரை முழுக்க ஃபைபர் படகுகள் பெருகின. அவற்றில் ஓட்டை விழுந்தால் அடைக்கிற ஃபைபர் வேலைக்காரர்களைத்தான் சொல்கிறேன். விரிசலின் இரண்டு பக்கமும் சாய்வாகத் தேய்ப்பார்கள், கனத்தைப் போல பத்துப் பன்னிரண்டு மடங்கு நீளத்துக்கு. பிறகு கண்ணாடி நார் மேட்டை ஒன்றைவிட ஒன்று பெரிதாக அடுக்கி ரெசின் ஊற்றுவார்கள். ஒட்டும் அதே பொருள் என்பதால் வெயிலில் எல்லாம் சேர்ந்தே நீளும், சேர்ந்தே சுருங்கும். போர்டுக்கும் அதே வித்தைதான். ஒட்டைப் பின்பக்கம் போட வேண்டும். முன்பக்கம் ஜெல்கோட் நிரப்பி, தண்ணீர் விட்டு உப்புத்தாளால் தேய்க்க வேண்டும்.

சிக்கல் இல்லாமல் இல்லை. படகு வளைவாக இருக்கும், போர்டு தட்டை. ரெசின் இறுகும்போது சுருங்குவதால் தட்டையான பலகை முறுக்கிக்கொள்ளும். பின்னால் விலா எலும்பு மாதிரி சட்டம் கொடுக்க வேண்டும், தூணில் மாட்டும் ஓட்டையை நீளவாக்கில் போட வேண்டும். இன்னொன்று, பளபள பெயின்ட் அடித்தால் காலையில் கடல் பக்கமிருந்து சாய்வாக விழும் வெயில் சின்ன மேட்டைக்கூடக் காட்டிக் கொடுத்துவிடும். மேட் பெயின்ட்தான் சரி. தேய்க்கும் தூசி நுரையீரலுக்குக் கேடு, அதனால் மாஸ்க்குக்கும் சேர்த்துத்தான் கூலி பேச வேண்டும்.

செலவு? முதல் நாள் பில்லில் ஃப்ளெக்ஸ்தான் ஜெயிக்கும். பி.காம் படிக்கிறவன் என்பதால் கேட்கிறேன்: வருஷத்துக்கு எத்தனை தடவை மாற்றுகிறோம் என்று யாராவது கூட்டிப் பார்த்தார்களா? கொடுக்கிற காசும் ஊரை விட்டு டவுன் பிரின்டிங் கடைக்குப் போகிறது. மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, கடலுக்குப் போகாத கைகளுக்கு இது வேலை.

2011 கிறிஸ்துமஸ் அன்று இங்கே சுற்றுலாப் பயணிகள் போன படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். ஒரு போர்டு அதைத் தடுத்திருக்கும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் இங்கே வைக்கும் எச்சரிக்கை, தூரத்திலிருந்து வருகிறவர் கண்ணில் ஒரே வாக்கியமாகப் படவேண்டும்; எழுத்தின் நடுவே ஒட்டு விரிந்து, "ஆழம்" என்பதில் பாதி காணாமல் போயிருக்கக் கூடாது. முதலில் முகத்துவாரத்துக்கு ஒன்றே ஒன்று செய்து பார்க்கட்டும். ஊராட்சி ஆர்டர் கொடுத்தால் போதும், அச்சுக்கு வேண்டிய மெழுகும் மேட்டும் பட்டறையில் ஏற்கெனவே இருக்கிறது.