‘போதிய தண்ணீர் குடியுங்கள்’: யாருக்குச் சொல்லப்படும் அறிவுரை?

உப்பைக் குறையுங்கள்; போதிய தண்ணீர் குடியுங்கள்; வலி மாத்திரையைத் தவிருங்கள்; ஓய்வெடுங்கள். சிறுநீரக நோயைத் தடுக்க மருத்துவர்கள் தரும் இந்த அறிவுரைகள் நான்கும் சரியானவையே. ஆனால் கிணத்துக்கடவு வட்டாரத்தின் தக்காளிக் காடுகளிலும் தென்னந்தோப்புகளிலும் கூலிக்கு உழைக்கும் அருந்ததியர் பெண்ணொருவர் இவற்றில் எத்தனையைத் தன் விருப்பப்படி கடைப்பிடிக்க முடியும்? நாம் எழுப்ப வேண்டிய கேள்வி இதுவே.

தமிழக விவசாயத் தொழிலாளர்கள் 3,350 பேரிடம் நடத்தப்பட்டு 2025இல் வெளியான ஆய்வு, அவர்களில் சுமார் 5 விழுக்காட்டினருக்கு நாள்பட்ட சிறுநீரக நோய் இருப்பதைக் கண்டறிந்தது. அந்நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குச் சர்க்கரை நோய், இரத்தக் கொதிப்பு போன்ற வழக்கமான காரணங்கள் ஏதுமில்லை. கடும் வெயிலில் நீரிழப்போடு உழைப்பதே ஆய்வாளர்கள் முதன்மையாக ஐயுறும் காரணம். மத்திய அமெரிக்கக் கரும்புத் தோட்டங்களில் நீர், ஓய்வு, நிழல் ஆகிய மூன்றையும் முறையாக வழங்கிய இடங்களில் சிறுநீரகப் பாதிப்பு குறைந்தது. அதாவது, நோயைத் தடுக்கும் ‘பழக்கம்’ தொழிலாளியின் கையில் மட்டும் இல்லை. வேலை கொடுப்பவரின் கையிலும் இருக்கிறது.

காட்டில் கழிப்பறை இல்லாததால் பெண்கள் தண்ணீரைக் குறைத்தே குடிக்கிறார்கள். கிணற்றையும் குழாயையும் தொட விடாத சாதி இருக்கும் இடத்தில், கேட்டு வாங்கிக் குடிப்பதே அவமானமாகிறது. மாலையில் இடுப்பு வலிக்குக் கடையில் வாங்கும் டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரை, நீர்வற்றிய உடலில் சிறுநீரகத்தை மேலும் தாக்குகிறது. குறைந்த கூலியில் சோற்றுக்குத் துணையாவது ஊறுகாயும் கருவாடும்தான். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குப் பரிந்துரைக்கும் உப்பு 5 கிராமுக்கும் குறைவு. ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி.

நோய் வந்தபின் அறிவுரையே மாறுகிறது என்பதையும் நம் மக்களிடம் சொல்லியாக வேண்டும். வெயிலுக்கு இதமான இளநீரிலும் நம் மண்ணில் விளையும் தக்காளியிலும் பொட்டாசியம் மிகுதி. நோய் முற்றியவர்களுக்கு அது இதயத் துடிப்பையே குலைக்கக்கூடும். சோடியம் குறைந்த உப்பு என்று விற்கப்படுவதிலும் பொட்டாசியமே கலந்திருக்கிறது. காய்களை நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்நீரை வடித்துவிட்டால் அதன் அளவு குறையும். டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் குடிநீரையும் மருத்துவர் சொன்ன அளவோடு நிறுத்த வேண்டும். வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம் என்பதே டயாலிசிஸின் வழக்கமான கணக்கு. சிகிச்சை இலவசமாகவே கிடைத்தாலும், கோவைக்கோ பொள்ளாச்சிக்கோ சென்று திரும்பும் மூன்று நாளின் கூலி போய்விடுகிறது.

சட்டம் இங்கே என்ன சொல்கிறது? 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் ஆலைக்குள் குடிநீரையும் கழிப்பறையையும் நிர்வாகத்தின் கடமையாக்கியது. காட்டு வேலைக்கு அத்தகைய பாதுகாப்பு வரவில்லை. 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் பணியிடத்தில் குடிநீரும் நிழலும் வேண்டும் என்றது. அரசு தரும் வேலைக்குப் பொருந்திய அந்த நெறி, தனியார் தோப்புக்கு ஏன் பொருந்தக் கூடாது? கிணறு, குழாய் ஆகியவற்றைப் பிறருக்குச் சமமாகப் பயன்படுத்த விடாமல் தடுப்பது, 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் குற்றம். உயிர் காக்கும் சிகிச்சை அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் உரிமை என 1996இல் உச்ச நீதிமன்றத்தில் நிலைநாட்டிய வழக்கைத் தொடுத்ததும் மேற்கு வங்க விவசாயக் கூலிகளின் அமைப்பே.

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. கோடை மாதங்களில் உச்சிவெயில் நேரத்து வேலைக்குக் கூலி குறையாத இடைவேளை வேண்டும். வேலையிடத்தில் குடிநீர், நிழல், பெண்களுக்குக் கழிப்பறை ஆகியவை கட்டாயமாக்கப்பட வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை ஆரம்ப சுகாதார நிலையம் காலனிக்கே வந்து சிறுநீரில் புரதத்தையும் இரத்தத்தில் கிரியாட்டினினையும் பரிசோதிக்க வேண்டும். டயாலிசிஸ் நாளுக்குப் பயணச் செலவும் இழந்த கூலியும் வழங்கப்பட வேண்டும்.

1927இல் மகாத் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் நீரருந்தியது உரிமைக்காக. கிணற்றைத் தன் பெயரிலேயே கொண்ட ஊரில், அதே உரிமை இன்று சிறுநீரகத்தின் ஆயுளையும் தீர்மானிக்கிறது. மாணவத் தோழர்கள் அடுத்த மருத்துவ முகாமுக்குச் செல்லும்போது, ‘எவ்வளவு தண்ணீர் குடிக்கிறீர்கள்?’ என்பதோடு நிறுத்தாமல், ‘வேலை செய்யும் இடத்தில் தண்ணீர் யார் தருகிறார்கள், எதில் தருகிறார்கள்?’ என்றும் கேட்டு எழுதி வாருங்கள். வழக்கும் போராட்டமும் அந்தப் பதில்களிலிருந்தே தொடங்க முடியும்.