பரண்மீது கிடக்கும் தட்டுகள்

சென்ற திங்கள் மாதுங்காவில் நம் சங்க அன்பர் ஒருவரது இல்லத்திற்குச் சென்றிருந்தோம். அவர்கள் வீடு மாற்றும் வேளை அது. பரணிலிருந்து இறக்கிய பழைய இசைத்தட்டுகள், கயிற்றால் கட்டப்பெற்று வாயிலருகே கிடந்தன. பழைய சாமான் வாங்குபவர் மாலையில் வருவாராம். “இவற்றை இனி யார் கேட்கப் போகிறார்கள்?” என்றார் அன்பர். அன்று அவருக்கு நாம் கூறிய வரலாற்றையே இங்கு எழுதுகிறோம்.

இதே நகரில், பம்பாய் என வழங்கிய நாளில், இந்தித் திரைப்பட இசைக்குழுக்களில் வாசித்து வந்தவர் சரண்ஜித் சிங். 1982-ஆம் ஆண்டில் அவர், ஜப்பானிய ரோலண்ட் நிறுவனத்தாரின் மின்னணுக் கருவிகள் மூன்றைக் கொண்டு, பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்துப் பதிவு செய்தார். நாம் கல்யாணி என்றறியும் யமன், மோகனம் என்றறியும் பூபாலி, இந்தோளம் என்றறியும் மால்கோஞ்ஸ் ஆகியனவும் அவற்றுள் அடங்கும். தட்டை வெளியிட்டதோ பெரிய நிறுவனம், வாங்கியவரோ சிலர். விரைவிலேயே அது மறக்கப்பட்டது.

ஆண்டுகள் இருபது கழிந்தன. 2002-இல் டில்லிக் கடையொன்றில் ஏடோ பௌமன் என்னும் டச்சுக்காரர் கையில் அத்தட்டு அகப்பட்டது. 2010-இல் ‘பாம்பே கனெக்‌ஷன்’ என்னும் தமது சிறு வெளியீட்டகத்தின் வாயிலாக அவர் அதனை மீண்டும் தட்டாகவே வெளியிட்டார். அம்மூன்று கருவிகளுள் ஒன்று, மந்தர ஒலி எழுப்பும் சிறு கருவி. அதனைக் கொண்டே சிக்காகோ இளைஞர் 1987-இல் ‘ஆசிட் ஹௌஸ்’ என்னும் நடன இசைத்தட்டை வெளியிட்டனர். அவர்களுக்கு ஐந்தாண்டுகள் முன்னரே பம்பாய்க் கலைஞரொருவர் அதனை ராகங்களுக்கு இசைவித்திருந்தமை கேட்டு உலகம் வியந்தது. எழுபதைக் கடந்த சிங் ஐரோப்பிய மேடைகளில் வாசித்தார், 2015-இல் மறைந்தார். கண் மூடுமுன் அவருக்குரிய புகழ் அவரை வந்தடைந்ததே, அது நற்பேறு.

நிற்க. சிறு வெளியீட்டகங்கள் முந்நூறு, ஐந்நூறு என எண்ணித் தட்டு அச்சிடுவானேன்? அரக்குப் பூசிய அலுமினியத் தட்டில் ஒலிக்கோடுகளை வெட்டி, அதன்மேல் நிக்கல் படியச் செய்து அச்செடுப்பர். அவ்வச்சினால் சூடேறிய வினைலை அழுத்தியே தட்டு ஆக்குவர். நூறு தட்டுகளுக்கும் ஐந்நூறு தட்டுகளுக்கும் அச்சுச் செலவு ஏறக்குறைய ஒன்றே. ஆதலின் சிறு பதிப்பில் தட்டொன்றின் விலை ஏறுகிறது. மிகுதியாக அச்சிட்டு விற்காது போயினோ, கைமுதல் முடங்கும். ஆர்வத்திற்கும் அச்சத்திற்கும் இடையே தேர்ந்த எண்ணிக்கை அது. அருமையையே வாணிகமாக்கி, உறை பிரியாத தட்டைப் பன்மடங்கு விலைக்கு விற்பாரும் உளர். அதனை நாம் போற்றோம். தட்டு கேட்பதற்கே உரியது.

இவ்வளவும் கேட்ட அன்பர் ஒன்றும் பேசாது கயிற்றை அவிழ்த்து, தட்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பி, வாசித்தவர் பெயர்களைப் படிக்கலானார்.

நம் வாசகர்களையும் வேண்டிக்கொள்வது இதுவே. தட்டுகளைக் கழிக்குமுன் ஒருமுறை பெயர்களைப் படியுங்கள். வாசித்தவர் இன்னும் நம் தெருவிலேயே வாழ்ந்துகொண்டிருக்கலாம். அவர் செவிபடக் கூறும் பாராட்டுக்குக் காலம் கடந்துவிடலாகாது.