ஆமணக்கும் மஞ்சப்பையும்

திருச்சானூரில் பத்மாவதித் தாயாரை வணங்க வரும் அடியார் பலர், திருமலையில் பெற்ற இலட்டுப் பையுடன் வருவதைக் காணலாம். அப்பை எதனால் ஆனது என்பது எண்ணத்தக்க வினாவாகும். பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு நிறுவனம் உருவாக்கிய மக்கும் பைகள், 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் திருமலையில் விற்பனைக்கு வந்தன. மக்காச்சோள மாவுச்சத்தைக் கொண்டு செய்யப்பட்ட அவை, ஏறத்தாழ 90 நாள்களில் மக்கும் என அறிவிக்கப்பட்டது.

மாவுச்சத்திலிருந்து மட்டுமன்றித் தாவர எண்ணெயிலிருந்தும் நெகிழி செய்யலாம். இதற்கு ஆமணக்கு சிறந்த சான்றாகும். தெலுங்கில் 'ஆமுதம்' எனப்படும் விளக்கெண்ணெய் இதன் விதையிலிருந்தே கிடைக்கிறது. அவ்வெண்ணெயிலிருந்து 'நைலான் 11' என்னும் நெகிழியை 1940களில் பிரான்சு நாட்டு அறிவியலாளர்கள் உருவாக்கினர். ஊர்திகளின் எரிபொருள் குழாய்கள் இன்றும் அதனால் செய்யப்படுகின்றன. உலகில் ஆமணக்கை மிகுதியாக விளைவிக்கும் நாடு இந்தியாவே. அது உணவுப் பயிரன்று. வறண்ட நிலத்திலும் வளர்வது. ஆகவே, பெட்ரோலியத்திலிருந்து செய்யும் நெகிழிக்கு மாற்றாக இதனை நாம் வரவேற்க வேண்டும்.

ஆயினும், செடியிலிருந்து பிறந்த நெகிழி யாவும் மண்ணில் மக்கிவிடும் எனக் கருதுதல் தவறு. நைலான் 11 எளிதில் மக்குவதில்லை. ஒரு பொருள் எங்கிருந்து வந்தது என்பது ஒரு வினா. எங்கே சென்று முடியும் என்பது வேறொரு வினா. நெடுங்காலம் உழைக்க வேண்டிய குழாய்க்கு மக்காமை நன்மை. ஒரு நாள் பயன்படும் பைக்கோ அது தீமை. மக்கும் பையும் மக்குவதற்கு ஈரம், வெப்பம், நுண்ணுயிர் ஆகியவை வேண்டும். சுவர்ணமுகி ஆற்றில் எறிந்தால் அது உடனே மறைந்துவிடாது.

"மக்கும் பை இருக்கும்போது துணிப்பை எதற்கு?" எனச் சிலர் வினவலாம். மக்கும் பையைச் செய்வதற்கும் விளைநிலம், நீர், மின்சாரம் ஆகியவை செலவாகின்றன. துணிப்பையைச் செய்யவும் இவை வேண்டும். ஆனால், ஒருமுறை செய்த துணிப்பை பல ஆண்டுகள் உதவும். தமிழ்நாட்டு அரசு 2021ஆம் ஆண்டு டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியதன் நோக்கமும் இதுவே.

எனவே, நெடுநாள் உழைக்கும் பொருள்களுக்குத் தாவர எண்ணெய் நெகிழியைப் பயன்படுத்துவோம். கைப்பைக்கு முதலிடம் துணிக்கே. அது இல்லாதபோது மட்டும் மக்கும் பையை வாங்குவோம். கடைக்கும் கோவிலுக்கும் செல்லும்போது வீட்டிலுள்ள மஞ்சப்பையை மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்.