குறும்படம் சொல்லாமல் விடுவதை நிரப்புவது யார்?

குறும்படத்தின் நீளத்தைப் பற்றி எழுதுவோர் அதன் சிக்கனத்தைப் பாராட்டுவதோடு நின்றுவிடுகின்றனர். அந்தச் சிக்கனத்தால் மிஞ்சும் வேலை முழுவதும் பார்வையாளர் தலையில் விழுகிறது என்பதை அவர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. ஆஸ்கர் விருதை வழங்கும் அமெரிக்கத் திரைக்கலைக் கழகம், பெயர்ப்பட்டியல் ஓடும் நேரத்தையும் சேர்த்து 40 நிமிடத்துக்கு மேற்படாத படத்தைக் குறும்படம் என வரையறுக்கிறது. சிட்னியில் 1993இல் தொடங்கிய ட்ரொப்ஃபெஸ்ட் விழாவோ ஏழு நிமிடத்துக்குள் கதையை முடித்துவிடச் சொன்னது. இரண்டரை மணி நேரப் படம் தன் உலகைத் தானே கட்டி எழுப்பிக்கொள்ளும். ஒரு பாத்திரத்தைப் பார்வையாளர் தவறாக எடைபோட்டுவிட்டாலும் அடுத்த அரை மணி நேரத்தில் அதைத் திருத்திவிட அதற்கு அவகாசம் உண்டு. அந்த அவகாசம் இல்லாத குறும்படம், ஒரு முகத்தையும் ஒரு பொருளையும் காட்டிவிட்டு, அவற்றுக்கு இடையிலுள்ள வாழ்க்கையைப் பார்ப்பவரே தம் வாழ்க்கையிலிருந்து எடுத்து வைத்துக்கொள்வார் என்று நம்பி நகர்கிறது. ஆகவே, ஒரே குறும்படம் வெவ்வேறு அவைகளில் வெவ்வேறு படமாகிவிடுவதை அக்கலையின் குறையாகக் கொள்ளாமல், அது இயங்கும் முறையாகவே கொள்ள வேண்டும்.

இந்த இயக்கத்தை விளக்கும் சொற்கள் தமிழில் முன்பே உண்டு. தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளுக்குரிய உறுப்புகளாக 34ஐ எண்ணும்போது எச்சம், முன்னம் என்ற இரண்டையும் அவற்றுள் சேர்க்கிறது. பாட்டில் கூறப்படாமல் நின்று, பின்னர்ச் சொல்லாலோ குறிப்பாலோ கொண்டு முடிக்கப்படுவது எச்சம். இன்ன இடத்தில் இன்னார் இன்னாருக்குச் சொன்னது இது என்று கூற்றிலிருந்தே உய்த்துணர வைப்பது முன்னம். அகப்பாட்டின் உள்ளுறையும் இப்படியே, நண்டையும் நாரையையும் மட்டும் காட்டிவிட்டுத் தலைவனின் நடத்தையைக் கேட்பவரின் ஊகத்துக்கு விட்டுவிடும். ஆனால் அந்தப் பாட்டைக் கேட்ட அவைக்கும் பாடிய புலவருக்கும் திணைமரபு என்ற பொதுவான அறிவு இருந்தது. நெய்தல் நிலத்துக் கருப்பொருள் எதைச் சுட்டும் என்பதில் அவர்களுக்குள் பெரிய பிணக்கு இருந்திருக்க வாய்ப்பில்லை. இன்றைய தமிழ்க் குறும்படத்துக்கு அப்படி ஓர் ஒற்றை அவை இல்லை என்பதிலிருந்தே சிக்கல் தொடங்குகிறது.

சிட்னியின் மேற்குப் புறநகரான மேய்ஸ் ஹில் இதை ஆராய ஏற்ற இடம். கிரேட் வெஸ்டர்ன் நெடுஞ்சாலையோரம் 1999இல் கும்பாபிஷேகம் கண்ட சிட்னி முருகன் கோயில் அங்குதான் உள்ளது. வென்ட்வொர்த்வில், வெஸ்ட்மீட், டூங்காபி, பெண்டில் ஹில் ஆகிய சுற்றுப்புறங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் கூடும் இடமும் அதுவே. 2021 குடிசனக் கணக்கெடுப்பின்படி அவுஸ்திரேலியாவில் வீட்டில் தமிழ் பேசுவோர் 95,000க்கும் அதிகம். 1983க்குப் பின் யாழ்ப்பாணத்திலிருந்தும் கொழும்பிலிருந்தும் வெளியேறியவர்கள், 2009க்குப் பின் படகில் வந்து தற்காலிக விசாவில் ஆண்டுக்கணக்காகக் காத்திருந்தவர்கள், சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் கணினித் தொழிலுக்காக வந்தவர்கள், வெஸ்ட்மீட் மருத்துவமனையில் பிறந்து சனிக்கிழமைகளில் தமிழ்ப் பாடசாலைக்குப் போய் வளர்ந்த பிள்ளைகள் என இவர்கள் அனைவரும் ஒரே மண்டபத்தில் அருகருகே அமரக்கூடியவர்கள். ட்ரொப்ஃபெஸ்ட் விழாவும் 2017இல் நகரின் கிழக்கிலிருந்து இடம்பெயர்ந்து, மேய்ஸ் ஹில்லைத் தொட்டுக் கிடக்கும் பரமட்டா பூங்காவுக்கு வந்து, 2019 வரை அங்கேயே திறந்தவெளியில் நடந்தது.

அந்த 2019 விழாவில் முதற்பரிசு பெற்ற 'ட்ரைபியூனல்', நிக் பேக்கர், டிரிஸ்டன் க்ளைன் இருவரின் படம். புகலிடக் கோரிக்கையை விசாரிக்கும் நடைமுறையை, ஈராக்கியரான ஒரு மொழிபெயர்ப்பாளரின் கண்வழியே அது காட்டுகிறது. படத்தின் தலைப்பு சுட்டும் தீர்ப்பாயம், குடிவரவுத் திணைக்களம் நிராகரித்த விண்ணப்பத்தை மீளாய்வு செய்யும் அமைப்பு. 1993இல் அகதிகள் மீளாய்வுத் தீர்ப்பாயமாகத் தொடங்கி, 2015இல் நிர்வாக மேன்முறையீட்டுத் தீர்ப்பாயத்துடன் இணைந்தது. புல்வெளியில் பாயை விரித்து அமர்ந்து அப்படத்தைப் பார்க்கும் ஒரு சாதாரண சிட்னிவாசிக்கு, அது தன் நாட்டின் நியாயவுணர்வைச் சோதிக்கும் கதை. அவ்வகை அறையில் தானே அமர்ந்து, எந்த ஆண்டு, எந்த மாதம், எந்தச் சோதனைச்சாவடி என்ற கேள்விகளுக்குப் பதில் சொன்ன ஒருவருக்கோ, மேசையின் எந்தப் பக்கத்தில் யார் இருக்கிறார் என்பதும், தன் வாக்கியம் வேறொருவர் வாயில் சுருங்கி வெளிவருவதும், மறந்துபோன ஒரு திகதியால் முழு வாக்குமூலமும் சந்தேகத்துக்குள்ளாகலாம் என்ற அச்சமும் முதலில் கண்ணில் படும். தமிழ் விண்ணப்பதாரருக்கு இதில் இன்னொரு அடுக்கும் உண்டு: மொழிபெயர்ப்பாளர் தமிழ்நாட்டவராகவும் விண்ணப்பதாரர் வன்னியைச் சேர்ந்தவராகவும் அமைந்துவிட்டால், 'வெளிக்கிட்டு' (புறப்பட்டு), 'பேந்து' (பிறகு) போன்ற அன்றாடப் பேச்சே இருவருக்கும் இடையில் தடுமாறும். இயக்குநர்கள் எண்ணியே இராத ஒரு துயரத்தை ஒரு பார்வையாளர் அப்படத்தில் காண்பாரானால், அது கற்பனை என்று தள்ளத்தக்கதன்று. படம் திறந்துவிட்ட கதவின் வழியாகவே அவர் உள்ளே வந்திருக்கிறார்.

இதைவிடச் சிறிய அலகில், ஒரே ஒரு பூவை வைத்தும் இதைப் பார்க்கலாம். வேலியோரம் செங்காந்தள் பூத்திருக்கும் ஒரு காட்சியை வசனமின்றிச் சில நொடிகள் காட்டும் ஒரு குறும்படத்தைக் கற்பனை செய்வோம். இலக்கியம் படித்த தமிழ்நாட்டுப் பார்வையாளருக்கு அது குறிஞ்சி நிலத்தின் பூ, தலைவியின் விரலுக்கு உவமை, மாநில மலர். மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கத்து விவசாயிக்கு அது கண்வலிக்கிழங்குப் பயிர். கம்பி கட்டி ஏற்றி, கையால் மகரந்தம் சேர்த்து, விதையைக் காயவைத்து மருந்து நிறுவனங்களுக்காக விற்கும் பொருள், விலை ஏறி இறங்கும் சரக்கு. ஈழத்தமிழருக்கு அது கார்த்திகைப்பூ. நவம்பர் 27இல் மாவீரர் நாளில் சூடப்படும் அடையாளம், இழந்த பிள்ளையின் முகத்தை நினைவில் கொண்டுவருவது, இலங்கையில் காட்சிக்கு வைத்தால் கேள்விக்குள்ளாகக்கூடியது. சிங்களக் கிராமத்தவருக்கு அது நியங்கலா, கிழங்கில் நஞ்சுள்ள கொடி. நியூ சவுத் வேல்ஸ் கடலோரத்தில் மணல்மேட்டுத் தாவரங்களைக் காக்கும் தன்னார்வலருக்கோ அது வெளியிலிருந்து வந்து பரவிய களை, வேரோடு பிடுங்க வேண்டியது. இவற்றுள் எதுவும் பொய்யில்லை. ஆனால் படத்தின் அடுத்த காட்சியில் ஒரு தாய் அந்தப் பூவின் முன் விளக்கேற்றுவாளானால், பயிர் என்ற பொருளும் களை என்ற பொருளும் பின்னுக்குப் போய்விடும். அந்த விளக்கைக் கண்ட பிறகும் அவற்றையே பிடித்துக்கொண்டிருப்பவர் படத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார் என்றே சொல்ல வேண்டும்.

பார்ப்பவர் கொண்டுவரும் பொருள், படம் விதிக்கும் வரம்பு என்ற இந்த இரு முனைகளுக்கும் நடுவில்தான் பார்வையாளர் ஆய்வு என்ற துறை வளர்ந்தது. யமேக்காவில் பிறந்து பிரித்தானியாவில் பணியாற்றிய ஸ்டூவர்ட் ஹால் 1973இல், ஒரு நிகழ்ச்சியை ஆக்கியோர் அதில் பொதித்த பொருளைப் பார்ப்பவர் அப்படியே ஏற்கலாம், பாதி ஏற்றுப் பாதி தம் அனுபவத்துக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம், அல்லது முற்றிலும் எதிர்நிலையில் நின்று படிக்கலாம் என்று வகைப்படுத்தினார். தாமார் லீப்ஸ், எலிஹு காட்ஸ் ஆகிய இருவரும் அமெரிக்கத் தொடரான 'டாலஸ்' பற்றி 1990இல் வெளியிட்ட நூல் இன்னும் நுட்பமானது: இசுரேலில் வாழும் அரபியரும் மொரோக்கோ யூதரும் அத்தொடரைக் குடும்பக் கதையாக, நிகழ்ந்த வரிசையிலேயே திருப்பிச் சொன்னார்கள், ரஷ்யாவிலிருந்து குடிபெயர்ந்தவர்கள் அதற்குள் ஒளிந்திருக்கும் பிரசாரத்தைத் தேடினார்கள், அமெரிக்கர்கள் பாத்திரங்களின் மனநிலையைப் பற்றியே பேசினார்கள். குடியேறிய சமூகம் ஒன்றின் பார்வை, அது எந்த அரசின் கீழ் வாழ்ந்து, எந்தப் பொய்களைக் கேட்டுப் பழகி வந்தது என்பதைப் பொறுத்து அமைகிறது என்ற முடிவு, தமிழருக்கும் அப்படியே பொருந்தும். அரச வானொலியை நம்பாமல் வளர்ந்த தலைமுறை, எந்தப் படத்தைக் கண்டாலும் முதலில் யார் பணத்தில் எடுக்கப்பட்டது என்று கேட்பதில் வியப்பில்லை.

ஆயினும் எல்லா வாசிப்பும் சமம் என்று சொல்லிவிட்டு ஒதுங்குவது பொறுப்பின்மை. கே. எம். சர்ஜுன் இயக்கி, லட்சுமி பிரியா சந்திரமௌலி நடித்து, 2017 நவம்பரில் யூடியூபில் வெளியான 'லட்சுமி' குறும்படத்தைச் சுற்றி எழுந்த விவாதம் இதற்குச் சான்று. வீடு, மின்ரயில், வேலை என்று சுழலும் ஒரு மணமான பெண் வேறோர் ஆணுடன் ஓரிரவைக் கழிக்கும் அக்கதை, கற்பொழுக்கத்தைக் கெடுக்கிறது என்று ஒரு சாரார் கொதித்தனர். பெண்ணின் சலிப்பைத் துணிவாகச் சொன்னது என்று மறு சாரார் கொண்டாடினர். அவளது விடுதலை இன்னோர் ஆணின் பாராட்டின் வழியாகத்தான் வர வேண்டுமா என்று பெண்ணியர் சிலர் கேட்டனர். முதல் இரு அணிகளும் கதைச் சுருக்கத்தோடு மோதிக்கொண்டன. மூன்றாவது கேள்வி மட்டுமே, யாருடைய பார்வையில் காட்சிகள் அமைக்கப்பட்டுள்ளன என்று படத்துக்குள் திரும்பிச் சென்றது. நடிகையையே தூற்றிய பின்னூட்டங்கள் வாசிப்பு என்ற பெயருக்குத் தகுதியற்றவை.

எதிர்த் திசையிலிருந்தும் இதே பாடம் கிடைக்கிறது. 2013 டிசம்பரில் ட்ரொப்ஃபெஸ்ட் பரிசு பெற்ற மாட் ஹார்டியின் 'பாம்பூசில்ட்' படத்தில், ஆணாக மாறிவிட்ட தன் முன்னாள் காதலி என்று நம்பி ஒருவருடன் இரவைக் கழிக்கும் இளைஞன், அது தொலைக்காட்சிக் கேலி நிகழ்ச்சி என்பதை இறுதியில் அறிகிறான். பால்மாற்றத்தையும் தற்பாலுறவையும் நகைப்புக்குரியதாக்கிவிட்டது என்று எழுந்த கண்டனத்துக்கு, தான் ஊடகத்தின் கீழ்மையையே சாடியதாக இயக்குநர் விளக்கமளித்தார். அந்த நோக்கம் உண்மையாகவே இருந்திருக்கலாம். ஆனால் படத்தின் கடைசி நொடிச் சிரிப்பு எதை நோக்கி எழுகிறது என்பதைத் தீர்மானிப்பது படத்தின் அமைப்பே. அந்தச் சிரிப்பின் இலக்காக வாழ்நாள் முழுவதும் நின்ற ஒருவர் அதைத் தன்மீது விழுந்த அடியாக உணர்ந்தால், அவருக்குப் படம் புரியவில்லை என்று சொல்ல இயக்குநருக்கு உரிமையில்லை. திருத்திக்கொள்ள இன்னொரு மணி நேரம் இல்லாத வடிவத்தில், முடிவுக் காட்சியே தீர்ப்பாக நின்றுவிடுகிறது.

புலம்பெயர்ந்த தமிழ்ப் படைப்பாளிகளுக்கு இந்த நெருக்கடி இரட்டிப்பானது. பாரிசில் வாழும் பிரதீபன் இரவீந்திரனின் குறும்படங்கள் பெர்லின், கான் ஆகிய பெருவிழாக்கள் வரை சென்றன. அத்தகைய விழாவின் நடுவருக்கு ஈழப்போரின் பின்னணியை விளக்க வேண்டும். அதே விளக்கம் யாழ்ப்பாணத்துப் பார்வையாளருக்குத் தேவையற்ற சுமையாகிவிடும். வெள்ளை வேன் ஒன்று தெருமுனையில் நிற்பதை மட்டும் காட்டினால் கொழும்பில் வாழ்ந்தவருக்கு ஆட்கடத்தல்களின் நினைவில் நெஞ்சு படபடக்கும், மேய்ஸ் ஹில்லில் பிறந்த இளையவருக்கோ அது குழாய் திருத்த வந்தவரின் வண்டி. அந்த இளையவருக்காக ஒரு பாத்திரத்தின் வாயில் வரலாற்றை ஊட்டும்போது படம் பாடநூலாகிவிடுகிறது. ஊட்டாமல் விட்டால் இளையவர் வெளியே நிற்கிறார். வீட்டுக்குள்ளும் இதே பிளவு உண்டு: சாப்பாட்டு மேசையில் பேசாமல் இருக்கும் தகப்பனைக் காட்டும் காட்சியைப் பிள்ளைகள் பாசமின்மையாகப் படிக்கக்கூடும், அவரோடு முகாமில் இருந்த மனைவி அதைச் சொல்ல முடியாத ஒன்றின் கனமாகப் படிப்பாள். இதற்கு விடையாக விளக்கத்தைக் கூட்டுவதைவிட, அந்த இரு வாசிப்புகளும் ஒன்றையொன்று கேட்கும் இடத்தை உருவாக்குவதே சரியான வழி. தமிழ்க் குறும்பட விழாக்கள் பலவும் அந்த இடத்தைத் தருவதில்லை. படங்கள் அடுத்தடுத்து ஓடுகின்றன, பொன்னாடை போர்த்தப்படுகிறது, பரிசு அறிவிக்கப்படுகிறது, கூட்டம் கலைகிறது.

மேய்ஸ் ஹில் போன்ற இடங்களில் திரையிடலை நடத்தும் அமைப்பினர் செய்யக்கூடியது பெரிய செலவில்லாத காரியம். ஒரு மாலையில் பத்துப் படங்களை ஓட்டுவதற்குப் பதிலாக மூன்றைத் தேர்ந்து, தமிழிலும் ஆங்கிலத்திலும் துணைவரிகள் இட்டு, ஒவ்வொரு படத்துக்கும் பின் அதன் நீளத்தைப் போல் இரண்டு மடங்கு நேரத்தைப் பேச்சுக்கு ஒதுக்கலாம். இயக்குநரை உடனே மேடையேற்றி விளக்கம் கேட்காமல், முதலில் அவையிலுள்ள முதியவரும் இளையவரும் தாம் கண்டதைச் சொல்லவும், எந்தக் காட்சியிலிருந்து அப்படிக் கண்டார்கள் என்று காட்டவும் கேட்கலாம். தேவைப்பட்டால் அந்தக் காட்சியை மீண்டும் ஓட்டலாம். ஏழு நிமிடப் படத்தை உடனே மறுமுறை பார்க்க முடியும் என்பது முழுநீளப் படத்துக்கு இல்லாத வசதி. பரிசளிப்பை அடுத்த வாரத்துக்கு ஒத்திவைத்தாவது, அந்த வசதியை அவர்கள் இவ்வாண்டே பயன்படுத்தத் தொடங்க வேண்டும்.